துவிச்சக்கர வண்டியும் நம்பிக்கையும்

யாழ்ப்பாணக் குடாநாடு சமதரை. ஆதலால், பண்டத்தரிப்பு முதலான ஊர்களில் துவிச்சக்கர வண்டி பெரிதும் பரவிற்று. 1990ஆம் ஆண்டின் பின் போரும் பொருளாதாரத் தடையும் எரிபொருளை அரிதாக்கியபோது, ஆளையும் பொதியையும் அதுவே சுமந்தது. மின்கலமும் கிட்டாத அந்நாள்களில், நிறுத்திவைத்த வண்டியின் மிதியைச் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தால் மக்கள் வானொலிச் செய்தி கேட்டனர். 2022இல் எரிபொருள் தட்டுப்பட்டபோதும் பலர் அவ்வண்டியையே மீண்டும் நாடினர்.

இத்தகைய வண்டியைத் திருத்தும் கடையில் வாடிக்கையாளர் வேண்டுவது யாது? விரைவும் மலிவும் மட்டுமன்று, நேர்மையுமாகும்.

காற்றுப்போன ரியூப்பை ஊதி நீரில் அமிழ்த்தினால், துளையுள்ள இடத்திற் குமிழி எழும். அவ்விடத்தை உரசித் துப்புரவாக்கி, பசை பூசிச் சற்றே உலரவிட்டு, ஒட்டுத்துண்டை வைத்து அழுத்துவர். வேலை அத்துடன் முடிவதில்லை. ரயரின் உட்புறத்தைத் தடவி, தைத்த முள்ளைக் களைதல் வேண்டும். முள் எஞ்சினால் ரியூப் மீண்டும் துளைபடும்.

முள் தேடியவருக்கும் தேடாதவருக்கும் கூலி ஒன்றே. வேறுபாடு வழியில்தான் தெரியவரும். பரீட்சைக்கு விரையும் மாணவனும் மருத்துவமனை செல்லும் முதியவரும் அதன் விலையைச் செலுத்துவர்.

ஆகவே, குமிழியையும் முள்ளையும் காட்டிய பின்னரே கூலி பெறுவது நல்ல தொழிலாளிக்கு அழகு. அவற்றைக் காட்டுமாறு பணிவுடன் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. அவ்வாறு கேட்பது ஐயுறவாகாது. நல்ல தொழிலுக்கு அளிக்கும் மதிப்பேயாகும்.