மின்சாரக் காருக்குப் பம்ப்செட் லைனில் சார்ஜ் ஏற்றலாமா?

திருக்கழுக்குன்றம், கூவத்தூர், செய்யூர் வட்டாரங்களில் மின்சாரக் கார் வாங்க நினைக்கும் விவசாயிக்கு முதலில் தோன்றும் யோசனை ஒன்று உண்டு. கிணற்றடியில்தான் இலவச மின்சாரம் இருக்கிறதே, மோட்டார் கொட்டகையிலேயே காருக்கும் சார்ஜ் ஏற்றிவிட்டால் என்ன என்பதே அது. இது கூடவே கூடாது.

தமிழ்நாட்டில் 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் பம்ப்செட் மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. அது விவசாயத்திற்கென்று கொடுக்கப்படுவது. ஒன்றுக்கென வாங்கிய இணைப்பை வேறொன்றுக்குப் பயன்படுத்தினால், 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவின்படி உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு வசூலிக்கப்படும். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் பன்னிரண்டு மாதத்திற்குக் கணக்கிடுவார்கள். காரில் மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே நாளில் போய்விடும்.

ஆகவே வீட்டு இணைப்பில்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும். அதற்கு முன் கணக்குப் பார்த்துக்கொள்வது நல்லது. 2022-ல் வந்த டாட்டா டியாகோ மின்சாரக் காரில் 19.2 யூனிட், 24 யூனிட் என இரண்டு அளவுகளில் பேட்டரி இருந்தது. ஏ.சி. போட்டு, ஆள் ஏற்றி ஓட்டினால் யூனிட்டுக்கு 6 முதல் 7 கிலோமீட்டர் எதிர்பார்க்கலாம். தினமும் 30 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து 5 யூனிட் பிடிக்கும். இரண்டு மாதத்திற்கு 300 யூனிட். வீட்டு மின்கட்டணத்தில் யூனிட் கூடக்கூட விகிதமும் கூடுவதால், இந்த 300 யூனிட்டும் மேல் படியில்தான் போய் உட்காரும். அப்படியும் பெட்ரோலைவிடச் செலவு குறைவே. ஆனால் திருவிழாவுக்கும் கல்யாணத்திற்கும் மட்டும் கார் எடுப்பவருக்குப் போட்ட முதல் திரும்பாது. கத்தரி, வெண்டை மூட்டைகளைச் சந்தைக்கு ஏற்றுவதுதான் முக்கிய வேலை என்றால், காரைவிட மின்சார சரக்கு ஆட்டோ பொருத்தமானது.

வீட்டில் 15 ஆம்பியர் பிளக்கில் போடும் சார்ஜர் 3.3 கிலோவாட் வரை இழுக்கும். ஏறக்குறைய நாலரை குதிரைசக்தி மோட்டாரை ஆறேழு மணி நேரம் ஓட்டுவதற்கு இது சமம். டி.வி. பிளக்கிலோ எக்ஸ்டென்ஷன் பெட்டியிலோ செருகினால் ஒயர் உருகித் தீப்பிடிக்கும். மீட்டர் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர் தனியாக இழுத்து, 20 ஆம்பியர் எம்.சி.பி.யும், 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே விழும் ஆர்.சி.சி.பி.யும் பொருத்த வேண்டும். தூரம் அதிகமானால் ஒயர் இன்னும் தடிமனாக இருக்கட்டும். கூடுதல் மின்பளுவுக்கு மின்வாரிய அலுவலகத்தில் மனுச் செய்துகொள்ள வேண்டும்.

மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் எர்த் விஷயத்தில் தனிக் கவனம் தேவை. காய்ந்த மணலில் எர்த் சரியாக வேலை செய்யாது. குழியில் கரியும் உப்பும் இட்டு, கோடையில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றி வர வேண்டும். உப்புக் காற்றில் பிளக் முனைகளில் களிம்பு ஏறும். களிம்பேறிய பிளக் சூடாகும், மாற்றிவிடுவதே மேல்.

அன்றாடம் 80 சதவீதம் சார்ஜ் போதும். 20 சதவீதத்திற்குக் கீழே இறங்க விடாமல் பார்த்துக்கொண்டால் பேட்டரி நீடித்து உழைக்கும். சிலவகை பேட்டரிகளுக்கு இடையிடையே முழு சார்ஜ் தேவை; காருடன் வரும் புத்தகத்தில் அது இருக்கும். வெயிலில் விடாமல் நிழலில் நிறுத்தவும். தென்னை மர நிழல் மட்டும் வேண்டாம்.

2022 டிசம்பர் 9-ம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரை கடந்தது. புயல் எச்சரிக்கை வந்தால், மின்சாரம் நிற்குமுன் முழு சார்ஜ் ஏற்றி, பிளக்கைக் கழற்றி, காரை மேட்டில் நிறுத்திவிட வேண்டும். அதே ஆண்டு அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இயான் புயலின்போது கடல்நீரில் மூழ்கிய சில மின்சாரக் கார்கள், நீர் வடிந்த பிறகு தீப்பற்றின. கடல்நீர் புகுந்த காரை ஸ்டார்ட் செய்யவோ சார்ஜில் போடவோ கூடாது. வீடு, வைக்கோல்போர், மாட்டுக் கொட்டகை ஆகியவற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி நிறுத்தி, கம்பெனி மெக்கானிக் வந்து பார்க்கும்வரை அப்படியே விட்டுவைக்க வேண்டும்.