அழுத்தமின் உயிருணரி

அழுத்தமின் உயிருணரி என்பது, மாறுமின்னழுத்தத்தால் அதிரும் படிகத்தின் மீது ஒட்டும் நோய்க்கிருமி, புரதம் முதலியவற்றின் நிறையை அதிர்வெண் குறைவைக் கொண்டு அறியும் கருவியாகும். செருமானிய இயற்பியலாளர் சாவர்பிரே 1959-இல் வெளியிட்ட சமன்பாட்டின்படி, இதன் உணர்திறன் அதிர்வெண்ணின் இருபடிக்கு நேர்விகிதத்தில் அமையும். பொருளின் அடர்த்தியும் விறைப்பும் கூடினால் குறையும். 5 மெகாஹெர்ட்ஸ் குவார்ட்ஸில் 1 ஹெர்ட்ஸ் குறைய, சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 17.7 நானோகிராம் படிய வேண்டும். 10 மெகாஹெர்ட்ஸில் 4.4 நானோகிராமே போதும்.

அதிர்வெண்ணை உயர்த்தப் படிகத்தை மெலிதாக்க வேண்டும். ஆனால் மெலிந்த குவார்ட்ஸ் எளிதில் உடையும். எனவே சிலிக்கான் மீது படியவைக்கப்படும் அலுமினியம் நைட்ரைடு, துத்தநாக ஆக்சைடு மென்படலங்கள் கிகாஹெர்ட்ஸ் அளவில் பயன்படுத்தப்படுகின்றன. இரத்தம் போன்ற நீர்மத்தில், தடிப்புத் திசையில் அதிரும் படலம் ஆற்றலைப் பெரிதும் இழக்கும். இதைத் தவிர்க்கப் படிக அச்சைச் சாய்த்து வளர்த்துப் பக்கவாட்டில் அதிரச் செய்கின்றனர். அதிர்வெண்ணோடு இரைச்சலும் கூடுவதால், உணர்திறன் உயர்ந்த அளவிற்குக் கண்டறியும் எல்லை தாழ்வதில்லை.