செய்தபின் சிந்தித்தல்

மென்பொருட்பணி முடிந்தபின், பணியாற்றியோரை ஒருங்கமர்த்தி, நிகழ்ந்தவற்றைக் காலவரிசைப்படி எழுதுவித்து, கற்ற பாடங்களைத் தொகுத்தளிக்கும் ஆலோசகர் இன்று உளர். இப்பின்னோக்காய்வுக்கெனவே அமெரிக்க ஆலோசகர் நார்மன் கெர்த் 2001ஆம் ஆண்டில் நூலொன்று வெளியிட்டார். அன்றிருந்த அறிவுக்கும் வசதிக்கும் ஏற்ப ஒவ்வொருவரும் இயன்றவரை உழைத்தனர் என ஏற்றே ஆய்வைத் தொடங்கவேண்டும் என்பது அவர் வகுத்த முதல் விதி. ஏனெனில், பழிக்கு அஞ்சுவோர் உண்மையை மறைப்பர்; மறைத்த பிழை மீண்டும் நிகழும்.

இதனை நம் நாட்டு விண்வெளி வரலாறும் காட்டும். இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் திட்ட இயக்குநராக விளங்கிய எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் 10.8.1979 அன்று வங்கக்கடலில் வீழ்ந்தது. தலைவர் சதீஷ் தவான் பொறுப்பைத் தாமே ஏற்றார். ஆராய்ந்தபோது, இரண்டாம் கட்டக் கட்டுப்பாட்டு அமைப்பில் அமிலம் கசிந்தமை புலனாயிற்று. 18.7.1980 அன்று அக்குழுவினரே ரோகிணியைப் புவிவட்டத்தில் சேர்த்தனர்.

தன்னைத் தானே கணக்கெடுக்கும் 'முஹாஸபா' நமக்குப் புதிதன்று. கல்வராயன் மலைச் சிற்றூரிலிருந்து கள்ளக்குறிச்சிக்குக் கற்க வரும் மாணவர் தேர்வில் தோற்பின், பழித்தால் காரணம் கூறாமலே கல்வியை விட்டு நீங்குவர். 'யார் தவறு?' என்னாது, 'என்ன நிகழ்ந்தது?' என நாம் வினவுவோமாக.