'பக் ஃபிக்ஸ்' அப்டேட்: 2.17.1 போன்ற எண்களுக்கு என்ன அர்த்தம்? உலகையே பதறவைத்த லாக்4ஜே சொல்லும் பாடம்

செல்போனில் ஆப் அப்டேட் வரும்போது, கீழே 'பக் ஃபிக்ஸ்' என்று ஒரே வரி இருக்கும். கூடவே 2.17.1 மாதிரி ஒரு எண். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிவிடுவதுதான் நம்மில் பலரின் பழக்கம். ஆனால் 2021 டிசம்பரில் உலகம் முழுக்க ஐ.டி. ஊழியர்கள் தூக்கமில்லாமல் தேடியது இப்படிப்பட்ட ஒரு எண்ணைத்தான்.

மூன்று எண்களும் என்ன சொல்கின்றன?

ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் பலரும் பின்பற்றும் முறைக்குப் பெயர் 'செமான்டிக் வெர்ஷனிங்'. கிட்ஹப் இணை நிறுவனர் டாம் பிரெஸ்டன்-வெர்னர் எழுதிய விதி இது.

* முதல் எண் மாறினால்: பெரிய மாற்றம். இதை நம்பி எழுதிய பழைய புரோகிராம் வேலை செய்யாமல் போகலாம்.
* நடு எண் மாறினால்: புது வசதி வந்திருக்கு. பழையது அப்படியே ஓடும்.
* கடைசி எண் மாறினால்: பிழை மட்டும் சரிசெய்யப்பட்டிருக்கு.

இது தசமப் புள்ளி கிடையாது. 2.9-ஐ விட 2.15 புதியது.

லாக்4ஜே-வில் நடந்தது என்ன?

மென்பொருளில் நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் சின்ன மாட்யூல்தான் லாக்4ஜே. அப்பாச்சி அமைப்பின் கீழ் தன்னார்வலர்கள் பராமரிப்பது. ஜாவாவில் எழுதிய எண்ணற்ற மென்பொருட்களுக்குள் இது இருக்கு.

குறிப்பிட்ட வடிவத்தில் ஒரு வரியை அனுப்பினால், லாக்4ஜே அதைக் குறித்துக்கொள்வதோடு நிற்காமல், அதில் சொன்ன சர்வரைத் தொடர்புகொள்ளும். அங்கிருந்து வரும் கோட் இங்கே ஓடும். மைன்கிராஃப்ட் விளையாட்டில் சாட் மெசேஜ் மூலமே இதைச் செய்ய முடிந்தது. ஆபத்து மதிப்பெண் 10-க்கு 10.

முதலில் 2.15.0 வந்தது. ஓட்டை முழுசாக அடைபடவில்லை. சில நாளில் 2.16.0, சிக்கலுக்குக் காரணமான வசதியே அதில் நீக்கப்பட்டது. பிறகு வேறு குறைகள் தெரியவர 2.17.0, அடுத்து 2.17.1. மூன்று வாரத்துக்குள் நான்கு வெளியீடு!

அதே எண்ணிலேயே திருத்திப் போட்டால் என்ன?

கூடாது. ஒருமுறை வெளியிட்ட வெர்ஷனை மாற்றவே கூடாது என்பது அடிப்படை விதி. ஒரே எண்ணில் இரண்டு விதமான கோட் இருந்தால், "உங்ககிட்ட இருக்கிறது ஓட்டை உள்ளதா, சரிசெய்ததா?" என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. ஒரு சின்னப் பிழையானாலும் புது எண் வேண்டும்.

பழைய ஜாவா வைத்திருந்தவர்கள் கதி?

அவர்களால் 2.17-க்குத் தாவ முடியாது. அதனால் ஜாவா 7-க்கு 2.12.2, ஜாவா 6-க்கு 2.3.1 என்று பழைய வரிசையிலேயே திருத்தம் வெளியானது. அதாவது 2.14.1-ல் ஓட்டை உண்டு. எண்ணில் சின்னதான 2.3.1-ல் அது அடைக்கப்பட்டுவிட்டது. எண் பெரிசா சின்னதா என்று மட்டும் பார்த்தால் போதாது.

புதுசு என்றாலே பாதுகாப்பா?

அதுவும் இல்லை. 2024 மார்ச்சில், எக்ஸ்இசட் என்ற ஃபைல் சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் ரகசியக் கதவு இருப்பது தெரியவந்தது. லாகின் ஆக அரை நொடி கூடுதலாகிறதே என்று சந்தேகப்பட்ட மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட்தான் அதைக் கண்டுபிடித்தார். அப்போது பாதுகாப்பான வழி, பழைய வெர்ஷனுக்குத் திரும்புவதுதான்.

நாம் என்ன செய்யணும்?

ஆப்புக்குள் இருக்கும் மாட்யூலை நம்மால் மாற்ற முடியாது. ஆப் தயாரித்தவர்தான் மாற்றணும். அந்தத் திருத்தம் நம் போனுக்கு வந்துசேரும் வழி அப்டேட் மட்டுமே. அதனால் பிளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் வழியாக வரும் பாதுகாப்பு அப்டேட்டைத் தள்ளிப்போடாதீங்க. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் 'அப்டேட்' லிங்க்கைத் தொடாதீங்க.

அடுத்த முறை 'பக் ஃபிக்ஸ்' என்று பார்த்தால், அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு ஓட்டை அடைபட்டிருக்கலாம். அடைக்கப்படாத பழைய வெர்ஷன் இன்னும் உங்கள் போனில் இருக்கலாம்.