கூடிப் பயிலும் கணிதம்

இலக்கண நூலார் கணக்கெழுதுவது அரிது. பவணந்தி முனிவர் எழுதினார். நன்னூற் பொதுப்பாயிரத்தில், பாடங் கேட்கும் முறையை வகுக்குமிடத்து, மாணாக்கன் ஒருவன் புலமை பெறும் வழியை அவர் பின்னக் கணக்காகவே பிரித்துக் காட்டுகின்றார். ஆசிரியர் உரைத்ததைப் பழுதறக் கொண்டாலும் கிடைப்பது காற்கூறு. உடன்பயில்வாரோடு பழகுவதால் இன்னுமொரு கால். எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதே வந்து சேரும். காலும் காலும் அரையும் கூட ஒன்று.

நல்லூர் ஆறுமுக நாவலர் நன்னூலுக்குக் காண்டிகையுரை கண்டவர். அவ்வுரை வழியே யாழ்ப்பாணத்து மாணாக்கர் பலர் இக்கணக்கை அறிந்தனர். இலக்கணம் பயில்வோர்க்கென்று வகுத்த இக்கணக்கு, இன்று கணிதம் பயில்வோர்க்கே மிகப் பொருந்துகின்றது என்பது எமது துணிபு. அதற்கு மானிப்பாய் நல்ல சான்று.

யாழ்நகரிலிருந்து காரைநகருக்குச் செல்லும் வீதியில் உள்ளது மானிப்பாய். மருதடிப் பிள்ளையார் கோயிலும், 1910ஆம் ஆண்டில் எழுந்த இந்துக் கல்லூரியும், மகளிர் கல்லூரியும், மருத்துவர் கிறீன் பெயர் தாங்கிய மருத்துவமனையும் இவ்வூரின் அடையாளங்கள். கல்விப் பொதுத் தராதர உயர்தரப் பரீட்சை நெருங்கும் மாதங்களில் இவ்வூர் வீட்டு விறாந்தைகளில், குடாநாட்டின் பிற ஊர்களிற் போலவே, ஒரு காட்சியைக் காணலாம். மூவர் நால்வராக மாணவர் கூடியிருப்பர். நடுவே கடந்த ஆண்டுகளின் வினாத்தாள்கள். ஒருவர் தாளில் எழுதிக் காட்ட, மற்றவர் இடைமறித்துக் கேட்பர். தேநீர் ஆறிப் போகும், வழக்கு ஆறாது.

அவர்கள் எதிர்கொள்ளும் இணைந்த கணிதம் எளிதன்று. தூய கணிதத்துக்கு ஒரு வினாத்தாள், பிரயோக கணிதத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் மூன்று மணி நேரம். ஒவ்வொரு தாளிலும் 10 சிறு வினாக்களுக்கு விடை எழுதியபின், 7 பெரு வினாக்களுள் 5ஐச் செய்தல் வேண்டும். வகையீடு, தொகையீடு, திரிகோண கணிதம், காவிகள், நிலையியல், இயக்கவியல், நிகழ்தகவு என விரியும் பரப்பு முழுவதையும் ஒருவரே சமமாக ஆள்வது அருமை. திரிகோண கணிதத்தில் வல்லவள் நிலையியலில் தடுமாறுவாள். நிலையியல் கைவந்தவன் தொகையீட்டைக் கண்டு அஞ்சுவான். பண்டமாற்றுக்கு இதைவிட ஏற்ற சந்தை வேறில்லை.

கூடிப் பயில்வதன் பயனைச் சிறியதோர் உதாரணத்தால் விளக்குவோம். ஓர் எண்ணின் வர்க்கம் அதன் மும்மடங்குக்குச் சமன், அவ்வெண் யாது? பலரும் இருபுறத்தையும் அவ்வெண்ணால் வகுத்து, மூன்று என்று விடை சொல்லிவிடுவர். தனியே பயில்பவன் அதனுடன் அடுத்த வினாவுக்குச் செல்வான். கூட்டத்திலோ ஒருத்தி, "எதனால் வகுத்தாய்?" என்று கேட்பாள். அக்கேள்விக்கு மறுமொழி தேடும்போதுதான், வகுத்த எண் பூச்சியமாகவும் இருக்கலாமே என்ற எண்ணம் எழும். கைநழுவிய மற்றை விடையும் அகப்படும். சுவரிற் சாய்த்த ஏணி வழுக்கப் போகும் நிலையில் உராய்வு எத்திசையில் தொழிற்படும் என்பதும் இத்தகையதே. படத்தில் அம்புக்குறி இடுவது எளிது; ஏன் அத்திசையில் இட்டோம் என்று தோழனுக்குச் சொல்ல நேரும்போதே பொருள் விளங்கும். பவணந்தியார் கூறிய அரைப்பங்கு இதுவேயாம்.

இம்முறையை நாம் மேல்நாட்டாரிடம் கற்கவில்லை. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என ஒருவன் இருந்தான். மூத்த மாணாக்கனாகிய அவன், எண்சுவடியை இளையோர்க்குச் சொல்லிக் கொடுத்தான். சென்னையில் 1789 முதல் 1796 வரை ஆதரவற்ற சிறுவர் இல்லமொன்றை நடத்திய ஆந்திரு பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதனைத் தம் பள்ளியிற் புகுத்தினார்; மாணவரைக் கொண்டே மாணவரைப் பயிற்றுவித்தார். 1797ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலின் வழியே 'மெட்ராஸ் முறை' பிரித்தானியாவிற் பரவியது. கொத்துலாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் கொடையால் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றே பெயர்.

ஒருவர்க்கொருவர் விளக்குதற்கு மொழி வேண்டும். அதற்கும் மானிப்பாய் பங்களித்தது. இங்கிருந்த அமெரிக்க மிசன் அச்சுக்கூடத்தின் பெயராலேயே 1842ஆம் ஆண்டின் யாழ்ப்பாண அகராதி, மானிப்பாய் அகராதி எனவும் வழங்கிற்று. 1848ஆம் ஆண்டில் இங்கு மருத்துவக் கல்வியைத் தொடங்கிய கிறீன், 1860களில் அதனைத் தமிழ்வழிக்குத் திருப்பினார். அயலிலுள்ள வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆசிரியராய் இருந்த கறோல் விசுவநாதபிள்ளை, 1855ஆம் ஆண்டிலேயே வீசகணிதத்தைத் தமிழ் நூலாக்கித் தந்தார். 1857ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் அவர் ஒருவர். மற்றவர், அச்செமினரியிற் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை. ஆசிரியரும் மாணாக்கரும் ஒரே பரீட்சைக்குத் தோற்றி ஒருங்கே பட்டம் பெற்ற அந்நிகழ்ச்சியை எண்ணுந்தோறும், கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் இடையே சுவரெதற்கு என்றே வினவத் தோன்றுகின்றது.

நிற்க. இங்கே ஒரு தடை எழுகின்றது. பரீட்சை என்பது போட்டி. போட்டியாளனுக்கு உதவுவது அறிவுடைமையா? யாழ்ப்பாணத்தில் இவ்வினா வெறும் வாதமன்று. 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியின்போது, பேராதனைப் பொறியியற் கல்விக்குச் சிங்களமொழி மாணவர்க்கு 227 புள்ளிகள் போதுமாயிருக்க, தமிழ்மொழி மாணவர் 250 பெற வேண்டியிருந்தது. 1974இல் மாவட்டப் பங்கீடு வந்தது. இன்றைய விதிப்படி, கணிதத் துறை போன்றவற்றில் 40 விழுக்காடு இடங்கள் நாடளாவிய திறமைக்கும், 55 விழுக்காடு மாவட்டங்களின் குடித்தொகைக்கேற்பவும், 5 விழுக்காடு பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. எனவே இடங்களிற் பெரும்பகுதிக்கு, ஒரு மாணவியின் நேர்ப் போட்டியாளர் தொலைவில் உள்ளாரல்லர். அதே பாயில், அதே வினாத்தாளைப் பார்த்துக்கொண்டிருக்கும் அவள் தோழியே.

அவ்வாறிருந்தும் அவர்கள் கூடிப் பயில்வது ஏன்? ஈகைக் குணம் என்று புகழ்ந்துவிட்டால் உண்மை பாதி மறைந்துவிடும். விளக்குபவளுக்கு நட்டமில்லை. தோழிக்கு ஒரு கணக்கை விளக்கியவள் அக்கணக்கைப் பரீட்சை மண்டபத்தில் மறப்பதில்லை. ஒளித்து வைத்தவளோ தன் விளக்கத்திலுள்ள ஓட்டையை அறியாமலே மண்டபத்துக்குச் செல்கின்றாள். மேலும், மாவட்டப் பங்கீடு இருவரையும் எதிரெதிரே நிறுத்தினாலும், நாடளாவிய 40 விழுக்காட்டுக்கு இருவரும் சேர்ந்தே உயரலாம். இவை இலாபக் கணக்கு. இலாபத்துக்கு அப்பாலும் ஒன்றுண்டு. 1990ஆம் ஆண்டின்பின் குடாநாடு மின்சாரமின்றி இருந்த காலத்தில், மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு நிலவ, ஜாம்போத்தல் விளக்கொன்றைச் சூழ்ந்திருந்து படித்த தலைமுறை அதனை அறியும். ஒளியை ஒருவர் மட்டும் எடுத்துக்கொள்ள இயலாது. சுற்றியிருந்தோர் யாவர்க்கும் அது விழும். அத்தலைமுறையின் பிள்ளைகளே இன்று உயர்தர வகுப்பில் இருக்கின்றனர்.

எனினும், கூடியிருப்பதெல்லாம் கூடிப் பயில்வதாகாது. விரைந்து செய்யும் ஒருவன் எழுத, மற்றவர் கொப்பியிற் படியெடுப்பது, நால்வர் உழைப்பை ஒருவனிடம் ஒப்படைப்பதாகும். நால்வரும் ஒரே பிழையில் ஒன்றுபட்டு மகிழ்வதும் உண்டு. ஆதலால் சில ஒழுங்குகள் வேண்டும். முதலில் ஒவ்வொருவரும் தனியே முயன்றுவிட்டு வரல் வேண்டும். தெரியாதவரே முதலிற் பேசல் வேண்டும்; எவ்விடத்தில் நின்றுபோனார் என்பதை அவரே சொல்லல் வேண்டும். உதவுபவர் விடையைச் சொல்லாது அடுத்த படியை மட்டும் காட்டல் நன்று. வாரத்தில் ஒரு நாள், மணிக்கூட்டை முன்வைத்து, வாய்திறவாது முழுத்தாளையும் எழுதிப் பார்த்தல் வேண்டும். மண்டபத்தில் ஒவ்வொருவரும் சுட்டெண்ணோடு தனியேதான் இருப்பர். தீராத வழக்கை ஆசிரியரிடம் கொண்டு செல்லல் வேண்டும். பவணந்தியார் அவருக்கும் ஒரு கால் வைத்தே கணக்கை முடித்தார்.

தனியார் கல்வி நிலையங்களின் நீண்ட கொட்டகைகளில், நூற்றுக்கணக்கானோர் வாய்மூடிக் கேட்டெழுதும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அங்கே எத்துணைச் சிறந்த ஆசிரியர் உரைத்தாலும், நன்னூற் கணக்கின்படி கிடைப்பது காற்கூறே. அதற்கே பெற்றோர் பெரும்பொருள் செலவிடுகின்றனர்; முக்காற் பங்கோ செலவின்றிக் கிடைக்கக் காத்திருக்கின்றது. பாடசாலைகள் மாலையில் ஒரு வகுப்பறையைத் திறந்துவிட்டு, ஒரு கரும்பலகையும் சில வெண்கட்டிகளும் கொடுத்தாற் போதும். வீட்டில் இடமில்லாப் பிள்ளைக்கும் அங்கே இடம் கிடைக்கும். ஆசிரியர் பெருமக்கள் அங்கு சென்று கற்பிக்க வேண்டுவதில்லை; அயலில் இருந்து, அழைக்கும்போது மட்டும் எழுந்து வருவார்களாக.