ஓய்வூதியம் வருகிறது, ஓய்வு வருகிறதா?

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் முதுமொழி. அரசாங்க உத்தியோகத்தின் மீது எமது சமூகம் கொண்ட மோகத்தைப் பரிகசிப்பது போல இது தோன்றினாலும், அதன் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. கோறணமேந்தில் கோழி மேய்ப்பவனுக்கும் முதுமையில் மாதந்தோறும் பணம் வரும் என்பதே அந்தக் கணக்கு. மாப்பிள்ளை பார்க்கும் வேளையில் 'பென்சன் உள்ள உத்தியோகமா?' என்று கேட்கும் வழக்கமும் இதிலிருந்து பிறந்ததுதான். ஆனால், முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து அந்த ஓய்வூதியத்தைப் பெறும் நிலையை அடைந்தவர், அதன் பின்னர் வரும் ஏறத்தாழ இருபது ஆண்டுகளை எவ்வாறு கழிக்கப் போகிறார் என்பது பற்றி எவரும் முன்கூட்டியே கேட்பதில்லை. அவரும் தம்மைக் கேட்டுக்கொள்வதில்லை.

ஓய்வுபெறும் நாள் பெரும்பாலும் மகிழ்ச்சியான நாளே. பிரியாவிடை வைபவம், பொன்னாடை, வாழ்த்துமடல், குழுப் புகைப்படம் என்று அது நிறைவுபெறுகிறது. அடுத்து வரும் சில வாரங்கள் நீண்ட விடுமுறை போலவே கழிகின்றன. அதிகாலை பஸ்ஸைப் பிடிக்க ஓடவேண்டியதில்லை. பல ஆண்டுகளாகத் தள்ளிப்போடப்பட்ட வேலைகள் வரிசையில் நிற்கின்றன. வேலியை அடைக்க வேண்டும். கிணற்றை இறைக்க வேண்டும். கண்ணில் உள்ள வெண்படலத்துக்குச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும். கதிர்காமத்துக்கு ஒருமுறை போய்வர வேண்டும். இவை யாவும் மூன்று, நான்கு மாதங்களில் முடிந்துவிடுகின்றன. அதன் பின்னர் ஒரு திங்கட்கிழமை காலையில், பத்திரிகையைத் தலைப்புச் செய்தியில் தொடங்கி மரண அறிவித்தல்கள் வரை வாசித்து முடித்த பின்னரும் மணி ஒன்பது ஆகவில்லை என்பதை அவர் காண்கிறார். ஓய்வுகால வாழ்க்கை உண்மையில் ஆரம்பமாவது அன்றுதான்.

தொழில் ஒருவருக்குச் சம்பளத்தை மாத்திரம் வழங்கவில்லை. எத்தனை மணிக்கு எழ வேண்டும், எவரைச் சந்திக்க வேண்டும், எதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்பவற்றையும் அதுவே தீர்மானித்தது. 'சேர்' என்றும் 'மாஸ்டர்' என்றும் அழைக்கும் மனிதர்களைத் தந்தது. ஓய்வூதியம் சம்பளத்தின் ஒரு பங்குக்கு மட்டுமே ஈடாகிறது. ஏனையவற்றுக்கு ஈடு செய்யும் எந்தத் திட்டமும் திணைக்களங்களிடம் இல்லை. அவற்றை ஓய்வுபெற்றவரே தேடிக்கொள்ள வேண்டும். அன்றாட ஏற்ற இறக்கங்களிற் பெரும்பாலானவை இந்தத் தேடலிலிருந்தே எழுகின்றன.

முதல் உரசல் வீட்டுக்குள்ளேயே ஏற்படுகிறது. குடும்பத் தலைவர் பகற்பொழுதில் இல்லாத வீடு, முப்பது ஆண்டுகளாகத் தனக்கென ஓர் ஒழுங்கை அமைத்துக்கொண்ட வீடு. அலுவலகத்தில் கோப்புகளை மேற்பார்வை செய்தவர் இப்போது குசினியை மேற்பார்வை செய்யத் தொடங்குகிறார். மின்விளக்கு ஏன் எரிகிறது, தேங்காய் ஏன் இரண்டு உடைக்கப்பட்டது என்ற விசாரணைகள் ஆரம்பமாகின்றன. மனைவிக்கோ ஓய்வுபெறும் வயது என்று ஒன்று எந்தச் சுற்றுநிருபத்திலும் இல்லை. அவரும் ஆசிரியையாகவோ தாதியாகவோ பணியாற்றி ஓய்வுபெற்றவராயின், பாடசாலையிலிருந்தும் வைத்தியசாலையிலிருந்தும் அவர் விடுபட்டாரேயன்றி அடுப்படியிலிருந்து விடுபடவில்லை. கணவரின் ஓய்வு மனைவியின் வேலையை அதிகரிக்கச் செய்யும் வீடுகள் எம் மத்தியில் ஏராளம். காலைத் தேநீரைத் தாமே தயாரிப்பது, சந்தைக்குப் போவது, பேரப்பிள்ளையைப் பாடசாலையிலிருந்து அழைத்து வருவது போன்ற சிறு பொறுப்புகளைக் கேட்டு வாங்கிக்கொண்டவர்களின் வீடுகளில் இந்த உரசல் விரைவில் தணிந்துவிடுவதைக் காணலாம்.

அடுத்தது பணம். இலங்கையில் ஓய்வுபெறுவோர் யாவரும் ஒரே நிலையில் இல்லை. அரசாங்க சேவையில் இருந்தோருக்கு ஆயுள் முழுவதும் மாதாந்த ஓய்வூதியம் உண்டு. தனியார் துறையினருக்கு 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஊழியர் சேமலாப நிதி உண்டு. தொழிலாளி 8 வீதமும் தொழில் வழங்குநர் 12 வீதமும் செலுத்திச் சேர்ந்த தொகை ஒரே தடவையில் கையளிக்கப்படுகிறது. 1980ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில் வழங்குநர் மேலும் 3 வீதம் செலுத்துகிறார். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் சேவையாற்றிய மாதச் சம்பளக்காரருக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் என்ற அளவில் பணிக்கொடையும் உரியது. விவசாயிகளுக்கு 1987இலும் கடற்றொழிலாளர்களுக்கு 1990இலும் ஓய்வூதியத் திட்டங்கள் கொண்டுவரப்பட்டன. ஆயினும் நாட்கூலிக்கு உழைத்த பெருந்தொகையானோருக்கு இவற்றில் எதுவுமே இல்லை. அவர்களுக்கு ஓய்வு என்பது உடல் மறுக்கும் நாளில்தான் வருகிறது.

மொத்தமாகக் கிடைக்கும் பணம் பெரும் ஆறுதலாகத் தோன்றினாலும், அதுவே பெரும் ஆபத்தாகவும் மாறுவதுண்டு. வாழ்நாளில் ஒருபோதும் கண்டிராத தொகை கைக்கு வந்த செய்தி ஊருக்குப் பரவ அதிக நேரம் எடுப்பதில்லை. மகனின் வியாபாரம், மகளின் சீதன வீடு, மருமகனின் வெளிநாட்டுப் பயணம் என்று அது பிரிந்து போகிறது. எஞ்சியதை அதிக வட்டி தருவதாகக் கூறும் இடத்தில் வைத்து முதலையும் இழந்தோர் இந்நாட்டில் குறைவல்லர். இத்தொகை இருபது ஆண்டுகளுக்கான சாப்பாடும் மருந்தும் என்பதை நினைவில் இருத்துவது, பிள்ளைகள் மீது அன்பு இல்லாமை ஆகாது.

வங்கியில் வைத்தால் மட்டும் கவலை தீர்ந்துவிடுவதுமில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இதனை வன்மையாக உணர்த்தியது. அவ்வாண்டு செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. மாதக் கணக்கில் வருமானம் நிலையாக இருந்தவர்களே அதிகம் வீழ்ந்தனர். அவர்களுள்ளும் ஓய்வூதியர் முன்வரிசையில் நின்றனர். மூத்த பிரஜைகளின் வைப்புகளுக்கு வழங்கப்பட்டுவந்த 15 வீத விசேட வட்டியும் அதே ஆண்டில் இடைநிறுத்தப்பட்டது. நெருக்கடியின் உச்சத்தில் ஒரு வருட நிலையான வைப்புக்கு 20 வீதத்தையும் தாண்டிச் சென்ற வட்டி, பின்னர் 8 வீதத்தை அண்மித்த நிலைக்கு இறங்கியது. பத்து இலட்சம் ரூபா வைப்பில் உள்ள ஒருவருக்கு இதன் பொருள் மிக எளிது. ஆண்டுக்கு இரண்டு இலட்சமாக வந்தது எண்பதாயிரமாகக் குறைந்தது. அதாவது மாதத்துக்கு ஏழாயிரம் ரூபாவுக்கும் குறைவு. பொருட்களின் விலையோ வட்டியுடன் சேர்ந்து இறங்கிவிடவில்லை.

இவ்விடயத்தில் அரசாங்கத்தின் தீர்மானங்களும் அடிக்கடி மாறிவந்துள்ளன. அரசாங்க ஊழியர்களின் கட்டாய ஓய்வு வயது 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 65 ஆக உயர்த்தப்பட்டு, அதே ஆண்டு முடிவில் மீண்டும் 60 ஆகக் குறைக்கப்பட்டது. மேலும் சில ஆண்டுகள் சேவை உண்டு என நம்பிக் கடன் பெற்றவர்களும், மகளின் திருமணத்துக்கு நாள் குறித்தவர்களும் 2022 டிசெம்பர் 31உடன் வீடு திரும்பினர். தனியார் துறையில் 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் ஆகக்குறைந்த ஓய்வு வயதை 60 ஆக்கியது. 2020ஆம் ஆண்டுக்கு முன்னர் ஓய்வுபெற்றோரின் ஓய்வூதியத்தை 2025 ஜூலை முதல் மூன்று கட்டங்களாகத் திருத்துவதாகவும், மூத்த பிரஜைகளின் பத்து இலட்சம் ரூபா வரையிலான ஒரு வருட வைப்புகளுக்கு 3 வீத மேலதிக வட்டி வழங்குவதாகவும் 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்கன. எனினும் ஒரே பதவியில் ஒரே காலம் சேவையாற்றிய இருவர், ஓய்வுபெற்ற ஆண்டு வேறு என்ற ஒரே காரணத்தினால் வெவ்வேறு தொகை பெறுவது ஓய்வூதியர் மனதில் ஆறாத குறையாகவே இருந்துவருகிறது. அவர்களைப் பொறுத்தவரை இது ரூபாக் கணக்கு மட்டுமன்று. தமது உழைப்புக்கு இடப்பட்ட மதிப்பும் ஆகும்.

மலையகத் தோட்டத் தொழிலாளியின் ஓய்வு இவற்றினும் வேறுபட்டது. தேசிய அடையாள அட்டையில் ஒரு பெயர், தோட்டப் பதிவேட்டில் வேறொரு பெயர் என்பதால் சேமலாப நிதியைப் பெறுவதற்கு மாதக்கணக்கில் அலைந்தோர் பலர். லயன் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தமானது. குடும்பத்தில் எவரேனும் தோட்டத்தில் வேலை செய்தால்தான் அங்கு நிம்மதியாக இருக்க முடியும் என்ற அச்சத்துடனேயே முதியவர்கள் வாழ்கின்றனர். பகலில் பிள்ளை மடுவத்துக்கு அனுப்பப்படாத குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதும் பெரும்பாலும் அவர்களே. நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த கைகளுக்கு ஓய்வு என்பது வேலை மாற்றமாகவே அமைகிறது.

வடக்கிலும் கிழக்கிலும் இன்னொரு காட்சி. பிள்ளைகள் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்க, பெரிய வீட்டின் இரண்டு அறைகளை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு வாழும் முதிய தம்பதியர் பலர். பணக் குறைவு அவர்களுக்கு இல்லாதிருக்கலாம். தொலைபேசியில் ஒவ்வொரு நாளும் முகம் பார்த்துப் பேசவும் முடிகிறது. ஆனால் இரவில் நெஞ்சு வலித்தால் முச்சக்கரவண்டி பிடிக்க ஆள் இல்லை. அங்கு சென்று தங்குவோர், பனிக்காலம் முழுவதும் ஜன்னலோரத்தில் இருந்துவிட்டு, முற்றமும் கோயில் மணியும் வேண்டும் என்று திரும்பி வருகின்றனர். கணவனும் மனைவியும் இருக்கும் வரை இது தாங்கக்கூடியது. ஒருவர் மறைந்த பின்னர் மற்றவருடைய நாள் மிக நீண்டதாகிவிடுகிறது.

இத்தனைக்கும் இடையில் ஓய்வுகாலத்தை நன்கு வாழ்பவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கின்றனர். அவர்களைக் கவனித்தால் ஒரு பொதுத்தன்மை புலப்படும். எவரோ தங்களுக்காகக் காத்திருக்கும் ஒரு நேரத்தை அவர்கள் தம் நாளில் வைத்திருக்கின்றனர். ஒருவர் மாலை நான்கு மணிக்குச் சனசமூக நிலையத்தைத் திறக்கிறார். ஒருவர் சாதாரண தர மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறார். ஓய்வுபெற்ற அதிபர் சமாதான நீதவானாகி, தம் வீட்டு வாசலில் ஆவணங்களுடன் நிற்பவர்களுக்குக் கையொப்பம் இடுகிறார். தோட்டம் செய்பவருக்காகக் கத்தரிக் கன்று காத்திருக்கிறது. கிளினிக் நாளில் அதிகாலையில் துண்டு எடுக்கச் செல்பவர், அயல்வீட்டு முதியவருக்கும் சேர்த்து எடுக்கிறார். இவற்றுக்குச் செலவு அதிகமில்லை. மதிப்பை மட்டும் அவை மீட்டுத் தருகின்றன.

சட்டமும் முதியோருக்குச் சில பாதுகாப்புகளை வழங்கியுள்ளது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கோருவதற்கு வழிசெய்கிறது. ஆனால் பிள்ளையின் மீது முறையிடச் செல்லும் தாய், தந்தையர் எம் சமூகத்தில் அரிது. ஆகவே சட்டம் இருப்பதாலேயே கடமை முடிந்துவிட்டதாகக் கருத இயலாது.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி 60 வயதுக்கு மேற்பட்டோர் இலங்கையின் சனத்தொகையில் 12.4 வீதமாக இருந்தனர். அதன் பின்னர் அந்த வீதம் மேலும் உயர்ந்துள்ளது. எனவே ஓய்வுகால வாழ்க்கை ஒரு சில குடும்பங்களின் பிரச்சினை அன்று. சேவையின் இறுதி ஆண்டுகளில் உள்ளோருக்குப் பணத்தை முகாமை செய்வது பற்றியும் பொழுதை அமைப்பது பற்றியும் வழிகாட்டுவதற்குத் திணைக்களங்களும் தொழில் நிறுவனங்களும் முன்வர வேண்டும். ஓய்வூதிய ஒழுங்குகள் அடிக்கடி மாறாமல் இருப்பதை அரசாங்கம் உறுதிப்படுத்த வேண்டும். பிள்ளைகள் செய்ய வேண்டியதோ இன்னும் எளிது. பெற்றோருக்குப் பணம் அனுப்புவதுடன் நின்றுவிடாது, அவர்களிடம் ஆலோசனையும் கேட்க வேண்டும்.

ஓய்வூதியர் உயிருடன் இருக்கிறார் என்பதை ஆண்டுக்கு ஒருமுறை கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்திக் கையொப்பமிடுகிறார். அலுவலகத்துக்கு அது போதுமானது. எஞ்சிய முந்நூற்று அறுபத்து நான்கு நாட்களிலும் அவர் வாழ்கிறார் என்பதை உறுதிப்படுத்த வேண்டியவர்கள் அவருடைய வீட்டாரும், அயலவரும், அவரும்தான்.