உள்ளத்துக்கும் ஒரு மருந்துப் பெட்டி

ஒருவரையொருவர் சந்திக்கும்போது ஸலாம் உரைக்கிறோம். அடுத்த சொல்லாக 'நலமா?' என்று வினவுகிறோம். வினவப்பட்டவர் தமது முழங்கால் வலியைச் சொல்வார். சர்க்கரை ஏறி இறங்குவதைச் சொல்வார். மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையின் பெயரையும் சேர்த்துச் சொல்வார். ஆனால், 'மூன்று மாதங்களாக எனக்கு உறக்கமில்லை. காரணமின்றி நெஞ்சு கனக்கிறது. பெற்ற பிள்ளைகளைக் கண்டாலும் எரிச்சல் மூளுகிறது' என்று எவரேனும் சொல்லக் கேட்டிருக்கிறோமா? சொன்னால் ஈமானில் குறைவு வந்துவிட்டதாகப் பிறர் கருதிவிடுவார்களோ என்ற அச்சம் நாவைக் கட்டிவிடுகிறது. உடலின் நோயை ஊரறியச் சொல்பவர், உள்ளத்தின் நோயைத் தம் மனைவியிடமும் மறைக்கிறார்.

இந்த மறைப்புக்கு மார்க்கத்தில் இடமில்லை. நம் முன்னோர்களின் மருத்துவ மரபிலும் இடமில்லை. ஏறக்குறைய ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இதனை விரிவாக எழுதி வைத்தவர் அபூ ஸைத் அல் பல்கீ அவர்கள். இன்றைய ஆப்கானிஸ்தானத்தின் வட பகுதியிலுள்ள பல்கு வட்டாரத்தில், ஷாமிஸ்தியான் என்னும் சிற்றூரில், கி.பி. 850ஆம் ஆண்டளவில் பிறந்தவர். தந்தையார் பிள்ளைகளுக்குக் கற்பித்து வாழ்ந்த ஓர் ஆசிரியர். இளமையில் பாக்தாத் நகருக்குச் சென்று, தத்துவப் பேரறிஞர் அல் கிந்தியின் மரபில் பயின்று, கற்றவற்றைத் தம் ஊருக்கே கொண்டுவந்து சேர்த்தார். 934ஆம் ஆண்டில் காலமானார். நிலநூல் வல்லுநர்கள் அவரை வரைபடக் கலையின் ஒரு தலைமுறைக்கே வழிகாட்டி என்று போற்றுவர். எனினும் இங்கே நாம் நினைவுகூர விரும்புவது அவரது மற்றொரு நூலை.

'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்பது அந்நூலின் பெயர். உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் நலம் பயப்பவை என்று பொருள் கொள்ளலாம். முதற்பகுதி உடலைப் பற்றி 14 அத்தியாயங்கள். இரண்டாம் பகுதி உள்ளத்தைப் பற்றி 8 அத்தியாயங்கள். இரண்டையும் ஒரே நூலுக்குள் அமைத்ததில்தான் அவருடைய கொள்கையே அடங்கியிருக்கிறது. மனிதன் உடலும் உள்ளமும் கூடியவன். ஒன்று நலிந்தால் மற்றொன்று தன் இன்பத்தை இழக்கும். எனவே ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை மட்டும் பேணுவது அரைகுறை வேலை என்பது அவரது வாதம். தம் காலத்து மருத்துவர்கள் உள்ளத்தை மறந்து உடலை மட்டுமே கவனிக்கின்றனர் என்று அவர் குறைபட்டுக் கொண்டார். அந்தக் குறை நம் காலத்திலும் தீர்ந்தபாடில்லை.

இந்த அரிய நூல் கையெழுத்துப் பிரதியாக இஸ்தான்புல் நகரத்து அயா சோபியா நூலகத் தொகுப்பில் நெடுங்காலம் துயின்றது. 1984ஆம் ஆண்டில் பிராங்பர்ட் நகரிலிருந்து பேராசிரியர் புவாத் ஸெஸ்கின் அவர்கள் அதன் படிவத்தை அச்சிட்டு வெளியிட்டார்கள். உள்ளம் பற்றிய இரண்டாம் பகுதியை சூடான் நாட்டு உளவியல் அறிஞர் மாலிக் பத்ரீ அவர்கள் ஆங்கிலத்தில் பெயர்த்து 2013இல் வெளியிட்ட பின்னரே உலகம் அதனை வியப்புடன் நோக்கலாயிற்று.

முதற்பகுதியில் வசிப்பிடம், உடை, உணவு, பானம், உறக்கம், குளியல், உடற்பயிற்சி, உடலைப் பிடித்துவிடுதல் ஆகியவை ஒவ்வொன்றாகப் பேசப்படுகின்றன. நோய் வந்த பின் மருந்து தேடுவதைவிட, நாள்தோறும் செய்பவற்றை ஒழுங்கில் வைத்து நோயை வாசலிலேயே நிறுத்துவது மேல் என்பதே அவற்றின் சாரம். நமக்கு இது புதிதன்று. வயிற்றை மூன்று கூறாக்கி, ஒரு கூறு உணவுக்கும், ஒரு கூறு நீருக்கும், ஒரு கூறு மூச்சுக்கும் விட்டுவைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதைச் சிறுவயது முதலே மதரஸாவில் கேட்டிருக்கிறோம். கேட்டவர்கள்தாம் நாம், கடைப்பிடிப்பவர்கள் யார் என்பதை நம் வீட்டுத் திருமண விருந்துகளில் காணலாம். இரவு பத்து மணிக்கு மேல் பிரியாணி உண்டு, பதினொன்றரைக்குப் படுக்கையில் விழுந்து, ஸுபுஹுத் தொழுகைக்குக் கண் திறக்க முடியாமல் போகும்போது ஷைத்தான் மீது பழி போடுகிறோம். பழிக்கு உரியது வயிறு.

இந்தியாவில் நீரிழிவு நோயாளர் தொகை 10 கோடியைக் கடந்துவிட்டது என்பதை 2023ஆம் ஆண்டில் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வு எடுத்துக்காட்டியது. வயது வந்தோர் வாரத்துக்கு 150 நிமிடங்களேனும் மூச்சு சற்றே வாங்கும்படி நடக்கவோ உழைக்கவோ வேண்டும் என்றும், உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேற்படலாகாது என்றும் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. பள்ளிவாசல் பத்து நிமிட நடைத் தொலைவில் இருந்தால், ஸுபுஹுக்கும் இஷாவுக்கும் நடந்து சென்று மீள்பவருக்கு அந்தக் கணக்கு வாரம் முடிவதற்குள்ளேயே நிறைந்துவிடும். தெருமுனைக்குச் செல்லவும் மோட்டார் வண்டியை உதைப்பவர் இதனைச் சிந்திக்கட்டும். இஷாவுக்குப் பின் வீண்பேச்சைத் தவிர்த்து விரைவில் உறங்குவதும், நண்பகலில் சிறிது கண்ணயர்வதும் நபிவழியில் காணப்படும் பழக்கங்களே. இக்காலத்தில் வீண்பேச்சு நாவிலிருந்து கைபேசிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. படுக்கையிலும் அது கையை விட்டு அகல்வதில்லை.

உடலைப் பற்றி இவ்வளவு போதும். பல்கீ அவர்களின் பெருமை இரண்டாம் பகுதியில்தான் ஒளிர்கிறது.

உடல் நோய் ஏதுமின்றியே நெடுநாள் வாழ்ந்துவிடுபவர் உண்டு. ஆனால் கோபம், கவலை, அச்சம் இவற்றில் ஏதேனும் ஒன்று தீண்டாமல் ஒரு நாளைக் கழிப்பவர் எவருமில்லை என்று தொடங்குகிறார் அவர். அப்படியானால் அவற்றுக்கு முன்னேற்பாடு வேண்டாவா? அறிவுள்ளவன், நலமாக இருக்கும்போதே சில மருந்துகளை வீட்டில் வாங்கி வைக்கிறான். நள்ளிரவில் வயிற்றுவலி வந்தால் கடை தேடி ஓடுவதில்லை. அவ்வாறே உள்ளம் அமைதியாக இருக்கும் வேளையில் நல்ல எண்ணங்களைத் திரட்டிச் சேமித்து வைக்க வேண்டும். துன்பம் திடீரெனத் தாக்கும்போது அவற்றை எடுத்துப் பயன்படுத்த வேண்டும் என்கிறார். கொந்தளிப்பு வந்த பின்னர் புதிய எண்ணம் தோன்றாது; முன்பே பழக்கியதே கைகொடுக்கும்.

எப்படிப் பழக்குவது? அதற்கும் வழி கூறுகிறார். விரும்பியவை யாவும் இடையூறின்றிக் கிட்டுவதற்காக இவ்வுலகம் படைக்கப்படவில்லை என்பதை மனத்துக்கு அடிக்கடி எடுத்துச் சொல்ல வேண்டும். அன்றாடச் சிறு தொல்லைகளைப் பொறுத்துக்கொள்ளப் பயில வேண்டும். தேநீர் ஆறிப்போய் வந்தது, பேருந்து நிற்காமல் சென்றது, கடைப் பையன் சில்லறையைக் குறைத்துக் கொடுத்தான் என்பனவற்றில் பொறுமை பயின்றவனுக்குத்தான் பெரிய இடி விழும்போது தாங்கும் தோள் இருக்கும். (எடுத்துக்காட்டுகள் நம்முடையவை; கருத்து அவருடையது.) மேலும், ஒவ்வொருவரும் தம் உள்ளத்தின் வலிமை எவ்வளவு என அறிந்து, அதற்கேற்ற சுமையையே ஏற்க வேண்டும் என்றும் எச்சரிக்கிறார். பிறரைப் பார்த்து, தாங்க முடியாத கடனையும் தொழிலையும் தலையில் ஏற்றிக்கொண்டு, பிறகு இரவெல்லாம் விழித்திருப்போருக்கு இதைவிடத் தெளிவான சொல் வேண்டுமா?

அச்சத்தைப் பற்றி அவர் கூறும் உவமை அழகானது. பாலைவனத்தில் வாழ்ந்த நாட்டுப்புற அரபி ஒருவன் முதன்முறையாக ஈரமான நாட்டுக்குப் பயணம் செய்கிறான். எதிரே மூடுபனி திரண்டு நிற்கிறது. ஊடுருவ முடியாத சுவர் ஒன்று எழுந்து நிற்பதாக எண்ணித் திகைக்கிறான். துணிந்து உள்ளே நுழைந்த பின்னரே, அது தான் நாள்தோறும் சுவாசிக்கும் காற்றேயன்றி வேறில்லை, சற்றே ஈரமானது மட்டுமே என்று உணர்கிறான். மகளின் திருமணச் செலவு, மகனின் தேர்வு முடிவு, மருத்துவப் பரிசோதனைத் தாள் என நம் முன்னே நிற்கும் பனிச்சுவர்கள் எத்தனை!

துயரத்தை அவர் இரண்டாகப் பிரித்தார். நெருங்கியவரின் மரணம், பொருளிழப்பு போன்ற அறிந்த காரணத்தால் வருவது ஒன்று. அதற்கு உள்ளிருந்து நல்லெண்ணமும், வெளியிலிருந்து நல்லோரின் ஆறுதல் மொழியும் மருந்தாகும். காரணம் இன்னதென்று தெரியாமலே நெஞ்சை அழுத்துவது மற்றொன்று. அது உடலிலிருந்து எழுவது. ஆகவே அதற்கு உடல் மருத்துவமும் தேவை என்றார். அக்காலத்து அறிவின்படி இரத்தத்தின் தூய்மைக்கேடு என்று அவர் காரணம் கூறியதை இன்றைய மருத்துவம் ஏற்காது. ஆனால், காரணமற்ற துயரம் நோயே, அதனைக் குணக்கேடாகவோ நம்பிக்கைக் குறைவாகவோ எண்ணலாகாது என்ற அவரது தெளிவை இன்றும் நம் குடும்பங்கள் எட்டவில்லை.

துயரப்படுவதே ஈமானுக்கு இழுக்கு என எண்ணுவோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். அன்னை கதீஜா (ரலி) அவர்களும் பெரிய தந்தை அபூதாலிபும் அடுத்தடுத்து மறைந்த ஆண்டு, வரலாற்றில் 'துயர ஆண்டு' என்றே பெயர் பெற்றது. குழந்தை இப்ராஹீம் மறைந்தபோது நாயகம் (ஸல்) அவர்களின் கண்கள் நீர் சொரிந்தன. துக்க வீட்டில் கூடியிருந்த பெண்கள் கலைந்து சென்ற பின்னர், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் 'தல்பீனா' காய்ச்சச் சொல்வார்களாம். அது வாற்கோதுமை மாவில் காய்ச்சும் கஞ்சி. பால் போல் வெண்மையாக இருப்பதால் அப்பெயர். நோயாளியின் உள்ளத்துக்கு அது இதமளிக்கும் என்று நபிகளாரிடம் தாம் கேட்டதாகவும் அன்னையார் அறிவித்தார்கள். அழுது ஓய்ந்தவருக்கு அறிவுரைக்கு முன்னே ஒரு கிண்ணம் சூடான கஞ்சி! உடலையும் உள்ளத்தையும் பிரித்துப் பாராத பரிவு இது. கோபம் வந்தால் நிற்பவர் அமர வேண்டும், அப்போதும் தணியாவிடில் படுத்துக்கொள்ள வேண்டும் என்ற நபிமொழியிலும் இதே நுட்பத்தைக் காணலாம். மனத்தின் கொதிப்பு உடலின் வழியாகத் தணிக்கப்படுகிறது.

பல்கீ அவர்கள் வகுத்த உள்ள நோய்கள் நான்கு: கோபம், அச்சம், துயரம், வஸ்வாஸ். வஸ்வாஸ் என்பது விரட்டியும் போகாமல் திரும்பத் திரும்ப வந்து மொய்க்கும் எண்ணம். அதனையும் நோய்களின் வரிசையில் வைத்து, அதற்கு ஆளானவர் தனித்திருத்தலைத் தவிர்க்க வேண்டும், நம்பிக்கைக்குரியோரின் துணையை நாட வேண்டும், வேலையில் ஈடுபட வேண்டும் என்று சிகிச்சையும் எழுதினார்.

இதனைப் படித்தபோது எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் கண்முன் நின்றார். பள்ளிவாசல் ஹவுளில் உளூச் செய்ய அமர்ந்தால் அரை மணி நேரம் எழமாட்டார். கையைக் கழுவுவார், நனையவில்லையோ என்ற ஐயம், மீண்டும் கழுவுவார். தோல் வெளிறி வெடித்துவிட்டது. ஜமாஅத் தொழுகை முடிந்து மக்கள் வெளியேறும்போதும் அவர் தண்ணீரிலேயே இருப்பார். இளைஞர்கள் சிரித்தார்கள், சிலர் பேணுதல் மிக்கவர் என்று புகழ்ந்தார்கள். இரண்டுமே அவருக்குத் தீங்காயின. உறுப்புகளைக் கழுவுவதற்கு மூன்று முறையே வரம்பு என்பதும், உறுதியானதை ஐயம் நீக்காது என்பதும் மார்க்கச் சட்டத்தின் பால பாடங்கள். அவருக்கும் அவை தெரியும். தெரிந்திருந்தும் கை நிற்கவில்லை. அதுதான் நோய்.

இத்தகைய நோயை நோயென்று ஏற்காத சமூகம் என்ன விலை கொடுக்கும் என்பதை நம் மாநிலம் ஒரு விடியலில் கண்டது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள், ஏர்வாடியில் மனநோயாளர் தங்கவைக்கப்பட்டிருந்த ஒரு கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் ஓட இயலாமல் 28 பேர் உயிரிழந்தனர். குணம் பெறுவார்கள் என்ற நம்பிக்கையில் உறவினர்கள் கொண்டுவந்து விட்டுச் சென்றவர்கள் அவர்கள். இன்று மனநோயாளரைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றாகத் தடை செய்துள்ளது. குஜராத் மாநிலத்து உனாவாவில் உள்ள மீரா தாதார் தர்காவில் 'தவாவும் துஆவும்', அதாவது மருந்தும் பிரார்த்தனையும், என்ற பெயரில் மருத்துவர்களை அங்கேயே அமர்த்திய ஏற்பாடு பின்னர் ஏர்வாடிக்கும் வந்தது. துஆச் செய்ய வருபவரை யாரும் தடுப்பதில்லை. துஆவுடன் மருந்தும் கிடைக்கிறது. வெளியே சொல்லத் தயங்குவோர் வீட்டிலிருந்தபடியே ஆலோசனை பெறுவதற்கு, 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' என்னும் அரசுத் தொலைபேசிச் சேவை உண்டு, எண் 14416, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

ஹவுள் பெரியவரை அவருடைய இளைய மகன் ஒரு நாள் வற்புறுத்தி மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றான். மருந்தும் கொடுத்தார்கள்; கையை நிறுத்துவதற்குச் சிறுகச் சிறுகப் பயிற்சியும் கொடுத்தார்கள். ஊர் இமாம் அவர்கள் ஸுபுஹு வேளையில் அவர் அருகிலேயே அமர்ந்து உளூச் செய்து, 'போதும், அத்தா, வாருங்கள்' என்று சொல்லி எழுப்புவதை வழக்கமாக்கிக் கொண்டார்கள். ஓராண்டு கழிந்தது. சென்ற ரமளானில் முதல் ஸஃப்பிலேயே அவரைக் கண்டேன். மூன்று முறை கழுவி எழுந்துவிடுகிறாராம். சில நாள்களில் நான்காவது முறைக்கும் கை தண்ணீரை நோக்கி நீள்கிறது என்று அவரே சொல்லிச் சிரித்தார்.